நுளம்புக்கு முழுப்பேர்

2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டம். வளவுக்குள் தண்ணீர் தேங்கக்கூடிய எதுவும் கிடக்கக் கூடாது என்கிறது. எவையெவை என்று பட்டியலும் போட்டிருக்கிறது: திறந்த தகரப்பேணி, போத்தல், பெட்டி, சிரட்டை, பாவித்த டயர். கிடந்தால் வளவின் உரிமையாளரோ அதில் குடியிருப்பவரோ பதில் சொல்ல வேண்டும்.

நல்ல சட்டம். குறை சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனால் சப்ரகமுவ இறப்பர்த் தோட்டத்து ஆள் ஒருவர் அந்தப் பட்டியலை வாசித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல்தான் நிற்பார். சிரட்டை, டயர். அவருடைய தொழிலின் தொடக்கமும் முடிவும் அதில் இருக்கின்றன. மரத்தில் சிரட்டையை மாட்டிப் பால் எடுத்துக் கொடுத்தவர் அவர். அந்தப் பால் ஷீட்டாகி, தொழிற்சாலைக்குப் போய், டயராகி, கடையேறி, ஊரெல்லாம் ஓடித் தேய்ந்து, மொட்டையாகி, கடைசியில் அவருடைய லயத்துக் கானிலேயே வந்து விழுகிறது. போன பொருளுக்கு நாட்கூலி. திரும்பி வந்த பொருளுக்குத் தண்டம்.

இந்த உரிமையாளர், குடியிருப்பவர் விவகாரத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். காணி அரசாங்கத்துடையது. 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளின் கையில் கொடுத்தார்கள். பிறகு 53 ஆண்டுக் குத்தகை என்றார்கள். லயத்தில் நாலு தலைமுறையாக இருப்பவருக்குக் காணி உறுதி உண்டா? ஆராயப்படுகிறது. கடிதம் வர ஒரு விலாசம் உண்டா? ஆராயப்படுகிறது. கூரை ஒழுகுகிறதே, யார் திருத்துவது? தோட்டம் பிரதேச சபையைக் காட்டும். சபை தோட்டத்தைக் காட்டும். இரண்டும் சேர்ந்து அமைச்சைக் காட்டும். வாசலில் கிடக்கும் டயருக்குள் புழு நெளிகிறது என்றதும் அத்தனை ஆராய்ச்சியும் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ பேனாவைத் திறக்கிறார். அந்த நிமிஷத்துக்கு மட்டும் லயத்துக்காரர் சட்டப்படி 'வளவில் குடியிருப்பவர்'. இருநூறு வருஷமாகக் கேட்டுக் கிடைக்காத அந்தஸ்தை நுளம்பு வாங்கிக் கொடுத்துவிட்டது.

அந்த டயர் அங்கே எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பாதி டயர் கூரையில்தான் இருக்கிறது. தகரம் காற்றில் பறக்காமலிருக்கக் கல்லும் டயரும் ஏற்றி வைத்திருக்கிறார்கள். டயரை இறக்கினால் கூரை போகும். இறக்காவிட்டால் வழக்கு வரும். ஆணி அடித்துக் கூரை போட்டுக் கொடுக்க வேண்டியவருக்கு எதிராக ஒரு வழக்கும் இல்லை. நுளம்புச் சட்டத்தில் தகரப்பேணி இருக்கிறது. தகரக் கூரை இல்லை.

இந்த இறப்பரின் பூர்வீகம் பாடப்புத்தகத்தில் உண்டு. 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து சுமார் எழுபதாயிரம் விதைகளை அள்ளிக்கொண்டு போய் லண்டன் கியூ தோட்டத்தில் சேர்த்தார். முளைத்தவற்றில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கன்றுகள் இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடையில் வேர் பிடித்தன. விதையை அள்ளியவருக்கு 1920இல் 'சேர்' பட்டம் கொடுத்தார்கள். தோட்டத்தில் ஒரு கிலோ ஒட்டுப்பால் காணாமற் போனால் என்ன கொடுப்பார்கள் என்று காவத்தைப் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள்.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. பால் வெட்டிய கைகளை நாட்டுக்கு வெளியே தள்ளியது. நாலே வருஷத்தில் நாடு சோற்றுக்குத் திண்டாடியது. 1952 டிசம்பரில் சீனாவோடு ஒப்பந்தம் போட்டார்கள்: ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுப்பது, 270,000 தொன் அரிசி வாங்குவது. அமெரிக்கா முறைத்தது. நாம் அசரவில்லை. இன்றும் அந்த ஒப்பந்தத்தை நினைத்து மேடையில் நெஞ்சு நிமிர்த்துவார்கள். பால் இந்த நாட்டுப் பிரஜை. அதற்குச் சந்தேகமே இல்லை. வெட்டியவர்தான் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார்.

இப்போதைய பெருமைக்கு வருவோம். உலகத்துத் துறைமுகங்களிலும் களஞ்சியங்களிலும் ஓடும் ஃபோர்க்லிஃப்டுகளுக்குக் காற்றடைக்காத திண்ம டயர் செய்வதில் இலங்கை முன்னணி நாடு. இறப்பர்ப் பொருள் ஏற்றுமதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு கோடி டொலர் வருகிறது. 2024 டிசம்பரில் மிச்செலின் நிறுவனம் தன்னுடைய கேம்சோ டயர்த் தொழிலின் ஒரு பகுதியை, இங்கேயுள்ள இரண்டு தொழிற்சாலைகளோடு சேர்த்து, இந்தியாவின் சியட்டுக்கு விற்க உடன்பட்டது. விலை 225 மில்லியன் டொலர். தொழிற்சாலை கைமாறும்போது கடைசி ஆணிவரை எண்ணி எழுதி ஒப்பமிடுவார்கள். எண்ணத் தெரிந்தவர்கள்தான்.

தோட்டத்துப் பக்கம் எண்ணிக்கை வேறு மாதிரி. 2011இல் இந்த நாடு எடுத்த இறப்பர் சுமார் 158,000 தொன். 2022இல் அது 70,000 தொன்னுக்குச் சற்று மேல். பதினொரு வருஷத்தில் பாதிக்கும் கீழ். விலை விழுந்தது, மரம் கிழடு தட்டியது, 2019 முதல் இலையுதிர் நோய் வந்து பச்சைத் தோப்பை மொட்டையடித்தது, பால் வெட்ட ஆள் இல்லை. இளைஞர்கள் கத்தியை வைத்துவிட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். இறப்பர் நாட்டின் தொழிற்சாலைகள் இறப்பரை இறக்குமதி செய்கின்றன. ஏற்றுமதி சபைக்கு இது தெரியும். பிரசுரத்தில் போட மாட்டார்கள்.

ஆள் ஏன் இல்லை? 2024 மே தினத்தில் கொட்டகலையில் வைத்து நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்றார்கள். தேயிலைக்கும் இறப்பருக்கும் சேர்த்துத்தான். மாலை விழுந்தது, பட்டாசு வெடித்தது. கம்பனிகள் உயர் நீதிமன்றம் போயின. செப்டம்பரில் 1,350 என்று வர்த்தமானி வந்தது. அதுவும் ஒரு நாள் வேலைக்கான முழுப் 'பேர்' விழுந்தால்தான். இறப்பரில் மழை பெய்தால் வெட்டு இல்லை. சப்ரகமுவவில் மழை பெய்யாத மாதம் எது என்று ஆளுநரிடம் கேளுங்கள். பால் வெட்டுகிறவருக்கு மழை நாளில் அரைப்பேர்கூட இல்லை. நுளம்புக்கு முழுப்பேர்.

இனி ஐரோப்பாவின் அக்கறை. காடழிப்பைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் செய்தது. இறப்பரும் டயரும் அதில் அடக்கம். அங்கே விற்கும் டயரில் உள்ள பால் எந்தக் காணியில் எடுத்தது என்று அட்சரேகை, தீர்க்கரேகையோடு காட்ட வேண்டும். தெரணியகலையில் அரை ஏக்கர் வைத்திருக்கிறவரின் தோப்பும் செய்மதிக் கண்ணில் புள்ளியாகப் பதிவாக வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வருவது இரண்டு தடவை தள்ளிப்போடப்பட்டது. அது கிடக்கட்டும், வந்தால் நல்லதுதான். ஆனால் எத்தனை நுட்பம் பாருங்கள். பால் எந்த மரத்தடியில் சொட்டியது என்று வானத்திலிருந்து கண்டுபிடிப்பார்கள். அதே பால் டயராகித் தேய்ந்து எந்த ஓடையில் கிடக்கிறது என்று தரையில் நிற்கிறவருக்கும் தெரியாது. பிறப்புச் சான்றிதழுக்கு விண்வெளி விஞ்ஞானம். மரணச் சான்றிதழுக்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

டயர் சந்தைக்கு வந்த பிறகு அதற்கு ஒரு பயணம் இருக்கிறது. அது தேயத் தேய மலை ஏறும். புத்தம் புதியது கொழும்பு வாகனத்துக்கு. அரைவாசி தேய்ந்தது அவிசாவளையில் கைமாறி இரண்டாந்தரமாக ஓடும். அடுத்தது மேலே புதிய பட்டை ஒட்டி ரீபில்ட்டாக வரும். லொறிக்கும் பஸ்ஸுக்கும் ஒழுங்காக ஒட்டினால் அது கெட்ட தொழில் இல்லை. உலகம் முழுக்க விமானத்துக்கே செய்கிறார்கள். ஒழுங்காக ஒட்டாததுதான் இறக்குவானை வளைவில் பட்டை பிரிந்து பறக்கும். எல்லாம் முடிந்து நூல் தெரிகிற நிலையில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகும் முச்சக்கரவண்டிக்கு வந்து சேரும். சறுக்குகிற பாதைக்குச் சறுக்குகிற டயர். சந்தியில் நிற்கும் பொலிஸ்காரர் குனிந்து பார்த்துத் தண்டப் பத்திரம் எழுதுவார். குனிந்தவர் பாதையையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

புதியது மாட்டினால் என்ன என்று கேட்பீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். டொலரைக் காப்பாற்றுகிறோம் என்றார்கள். டயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்தது. தட்டுப்பாடு வந்தது. விலை ஏறியது. 2022இல் ரூபாய் சரிந்தபோது அந்த ஏறிய விலையின் தோளில் இன்னொரு விலை ஏறி உட்கார்ந்தது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. தனிப்பட்ட வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். ஐந்து வருஷம் பழைய வண்டி, பழைய டயர், பழைய பாதை. தன் தோப்புப் பாலில் செய்த ஒரு முச்சக்கரவண்டி டயரை வாங்க ஒரு தொழிலாளிக்குக் குறைந்தது மூன்று நாலு நாள் பேர் வேண்டும். காப்பாற்றிய டொலர் எங்கே என்று நாமும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சரி, தேய்ந்து செத்த டயருக்கு என்ன கதி? இங்கேதான் அரசாங்கத்தின் முழுத் திறமையும் தெரிகிறது.

இரும்பு, போத்தல், பேப்பர் எடுக்க ஆள் வருவார். டயரை அவர் தொட மாட்டார். அதற்கு விலை இல்லை. கந்தகம் சேர்த்துச் சூட்டில் இறுக்கிய இறப்பர் மறுபடி உருகிப் பாலாகாது. உள்ளே உருக்குக் கம்பி, கரித்தூள், செயற்கை இறப்பர். உக்காது. புதைத்தால் காற்றையும் வாயுவையும் வயிற்றில் வைத்துக்கொண்டு மேலே எழும்பி வரும். புத்தளத்துச் சிமெந்துச் சூளையில் எரிபொருளாகப் போடலாம். அந்தச் சூட்டில் அது ஓரளவு ஒழுங்காகவே எரியும். இறக்குவானையிலிருந்து புத்தளத்துக்கு லொறிக்கூலி யார் கொடுப்பது? அந்தக் கேள்வி கேட்கப்பட்ட இடத்திலேயே டயர் கிடக்கிறது. அதற்குள் மழை பெய்கிறது.

குப்பை அள்ளுவது பிரதேச சபையின் வேலை. ஆனால் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க விடவில்லை. வாக்குக் கேட்க வந்த உறுப்பினருக்குத் தோட்டத்துப் பாதை தெரியும். குப்பை உழவு இயந்திரத்துக்குத் தெரியாது. இதைத் திருத்த 2018 ஆகியது. முப்பத்தொரு வருஷம். சட்டம் திருந்திவிட்டது, உழவு இயந்திரத்துக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எட்டியாந்தோட்டைக் கடைத்தெருவோடு திரும்பிவிடுகிறது.

2017ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள். அந்த ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் செத்தார்கள். அதே வருஷம் நாடு முழுக்க டெங்கு பிடித்தவர்கள் 186,101 பேர். செத்தவர்கள் நானூறுக்கும் மேல். செப்டம்பரில் திறந்த வெளியில் குப்பை எரிக்கக் கூடாது என்று வர்த்தமானி வந்தது. அதே செப்டம்பரில் சப்ரகமுவ மாகாண சபையின் காலம் முடிந்தது. பிறகு தேர்தல் இல்லை. அதாவது, எரிக்காதே என்று சொல்லியாகிவிட்டது. வைத்திருக்காதே என்று முன்பே சொல்லியாகிவிட்டது. எங்கே கொடுப்பது என்று சொல்ல வேண்டிய சபை கலைந்து வீட்டுக்குப் போய்விட்டது. டயரை என்ன செய்வது? தின்ன வேண்டியதுதான்.

ஒரே ஒரு வருஷம் பழைய டயருக்கு மதிப்பு வந்தது. 2022. பெற்றோல் இல்லை, எரிவாயு இல்லை, எரிப்பதற்கு டயர் மட்டும் நாடு நிறைய இருந்தது. சந்திக்குச் சந்தி எரிந்தது. ஏப்ரல் 19ஆம் திகதி கேகாலை மாவட்டத்து ரம்புக்கனையில், எரிபொருள் விலையேற்றத்துக்கு எதிராக நின்ற கூட்டத்தின் மேல் பொலிஸ் சுட்டது. ஒருவர் செத்தார். பெரியவர்கள் டயரைக் கண்டு பயந்த காலம் அது. பயம் போனதும் டயரையும் மறந்துவிட்டார்கள்.

வெளிநாட்டைக் காட்டிப் பெருமூச்சு விடுவதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. 1972இல் அமெரிக்காவின் புளோரிடாவில் இருபது லட்சம் டயர்களைக் கடலில் கொட்டத் தொடங்கினார்கள். பவளப்பாறை வளர்க்கிறார்களாம். குட்இயர் கம்பனியின் வான்கப்பல் பொன்வண்ணம் பூசிய டயர் ஒன்றைப் போட்டு விழாவைத் தொடக்கி வைத்தது. பவளம் வளரவில்லை. கட்டு அறுந்து டயர்கள் உருண்டு இருந்த பவளத்தையும் நசுக்கின. பிறகு இராணுவச் சுழியோடிகளை இறக்கி ஒவ்வொன்றாக எடுத்தார்கள். நம் ஊர் அதிகாரிகள் இதை வாசிக்காமல் இருக்கக் கடவது. அடுத்த மாதமே களு கங்கையில் பொன் டயரோடு நிற்பார்கள். 1985இல் ஆசியப் புலி நுளம்பு டெக்சஸ் மாநிலத்தில் குடியேறியதும் பழைய டயர் ஏற்றி வந்த கப்பலில்தான். பிரித்தானியா தன் பழைய டயரை 'மீள்சுழற்சி' என்று முத்திரை குத்தி இந்தியாவுக்கு அனுப்ப, அது கிராமத்து உலைகளில் உருகிக் கரும்புகையாவதை 2025இல் பிபிசி அம்பலப்படுத்தியது. பணக்காரர் தள்ளுவார், ஏழை இருமுவார்.

ஆனாலும் ஒன்று. அதே இந்தியா 2022 ஜூலையில் ஒரு விதி கொண்டுவந்தது. டயர் செய்கிறவரும் இறக்குமதி செய்கிறவரும் தாங்கள் சந்தையில் இறக்கிய அளவுக்குப் பழைய டயர் மீள்சுழற்சிக்குப் போனதற்குச் சான்று காட்ட வேண்டும். முதல் ஆண்டு 35 வீதம், அடுத்த ஆண்டு 70, மூன்றாம் ஆண்டு நூறு. அங்கேயும் கள்ளச் சான்று இருக்கும். இருக்கட்டும். கள்ளம் செய்யவாவது ஒரு புத்தகம் அங்கே திறந்திருக்கிறது. இங்கே புத்தகமே இல்லை. நம் ஊர் டயர்க்கடையில் பழையதைத் திருப்பிக் கொடுத்து ஐந்து சதமாவது வாங்கியவர் யாராவது உண்டா? சோடாப் போத்தலுக்கு முற்பணம் வாங்கிய நாடு இது. போத்தலைத் திருப்பிக் கொடுக்கப் பிள்ளைகள் ஓடினார்கள். ஒவ்வொரு புது டயரின் விலையிலும் ஒரு தொகையைச் சேர்த்து வாங்கி, பழையதைக் கொண்டுவருகிறவர் கையில் அதைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு மழைக்காலத்துக்குள் சப்ரகமுவவின் ஓடைகள் காலியாகும். லயத்துக் கூரைக்கு ஆணி வாங்கவும் பணம் வரும்.

இதைச் செய்ய ஆணைக்குழு வேண்டாம், செயலணி வேண்டாம், சிங்கப்பூர் போய்ப் பார்த்து வர வேண்டாம். டெங்கு ஒழிப்பு வாரமும் வேண்டாம்; அந்த வாரத்தில் ஒட்டும் பதாகை கழன்று விழுந்து அதிலும் தண்ணீர் தேங்குகிறது. வேண்டியது ஒரு பட்டியல். அது ஏற்கெனவே இருக்கிறது. துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு டயரையும் சுங்கம் எண்ணுகிறது. தொழிற்சாலை வாசலில் வெளியேறும் ஒவ்வொன்றையும் வரித் திணைக்களம் எண்ணுகிறது. இறக்கியவர் பெயர், செய்தவர் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாம் கொழும்பில் கணினியில் இருக்கின்றன. லயத்துக்காரருக்கு இல்லாத விலாசம் அவர்களுக்கு இருக்கிறது.

பி.எச்.ஐ ஐயா, அடுத்த தடவை தண்டப் பத்திரத்தை அங்கே அனுப்புங்கள்.